சங்க அலுவலகமும் தடையிலா மின்வழங்கியும்
(யூ.பி.எஸ். சாதனத்தின் இயல்புகள் பற்றிய ஒரு பாடம்)

இந்திய நாட்டின் முதற் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904ஆம் ஆண்டில் நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் பதிவு செய்யப்பெற்றது என்பதை உறுப்பினர்கள் அறிவர். அந்நாளில் இப்பகுதி செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அக்காலத்துச் சங்கக் கணக்கு முழுவதும் காகிதத்தில் மையால் எழுதப்பட்டது. மாலையில் வெளிச்சம் குறைந்தால் எழுத்தர் விளக்கை ஏற்றிக்கொண்டு எழுதினார். விளக்கு அணைந்தாலும் எழுதிய வரி அழியவில்லை. பேரேடும் நாட்குறிப்பேடும் மின்சாரத்தை எதிர்பார்த்து நிற்கவில்லை.

இன்று நிலைமை வேறு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. நாடெங்கும் 63,000 சங்கங்களை ஒரே கணக்குமுறையின்கீழ்க் கொணர்வது அதன் நோக்கம். அதற்கென 2,516 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இதன் பயனாய் உறுப்பினரின் பங்குத்தொகை, பயிர்க்கடன், நகைக்கடன், வைப்புத்தொகை யாவும் கணிப்பொறியில் ஏறுகின்றன. பால் சங்கங்களில் பாலின் தரத்தைக் கருவி அளந்து சொல்கிறது. நெசவாளர் சங்கங்களில் சேலைக் கரையின் வடிவத்தைக் கணிப்பொறி வரைகிறது. இவை யாவற்றிற்கும் உயிர்நாடி மின்சாரமே. ஆகவே மின்சாரம் நின்றாலும், கூடினாலும், குறைந்தாலும் நம் கணக்கிற்கும் கருவிக்கும் கேடு நேராமல் காக்கும் முறையை ஒவ்வோர் உறுப்பினரும், சிறப்பாக நிர்வாகக் குழுவினரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. அதன் பொருட்டே இப்பாடம் எழுதப்படுகிறது.

1. மின்சாரத்தில் நேரும் குறைகள்

மின்தடை என்றால் விளக்கு அணைவது என்று மட்டுமே பலர் கருதுகின்றனர். உண்மையில் மின்சாரத்தின் குறைகள் நான்கு வகைப்படும்.

முதலாவது, முழுத் தடை. 2008ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் நிலவிய மின்பற்றாக்குறையை நாம் மறந்திருக்க மாட்டோம். 2012ஆம் ஆண்டில் சென்னை நகரிலேயே நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்தது. வெளி மாவட்டங்களில் அது பன்மடங்காக இருந்தது. அந்நாளைய பற்றாக்குறை நீங்கிற்று. ஆயினும் பராமரிப்பிற்காக நிறுத்துவதும், மின்மாற்றி பழுதுபடுவதும், புயலில் கம்பம் சாய்வதும் நீங்கவில்லை. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வார்தா புயல் சென்னைக் கரையைக் கடந்தபோது புறநகர்ப் பகுதிகள் பலவற்றில் பல நாட்கள் மின்சாரமே இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையையொட்டிச் சென்றபோதும் அவ்வாறே துன்புற்றோம்.

இரண்டாவது, தாழ்ந்த மின்னழுத்தம். நம் வீட்டு மின்சாரத்தின் அளவு 230 வோல்ட். அதற்கு மேலும் கீழும் 6 விழுக்காடு வரை மாறலாம் என்பது பொது விதி. மின்மாற்றியிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள ஊர்க்கடைசியில், பக்கத்துத் தோட்டங்களின் பம்புகள் ஒருசேர ஓடும் வேளையில், அழுத்தம் மிகத் தாழ்ந்துபோவதுண்டு.

மூன்றாவது, மிகுந்த மின்னழுத்தமும் திடீர்ப் பாய்ச்சலும். இடி விழும்போதும், நின்ற மின்சாரம் மீண்டும் வரும் அக்கணத்திலும் இது நேர்கிறது. மின்சாரம் போனதைக் காட்டிலும் அது திரும்பி வந்ததே கருவியைக் கெடுத்தது என்று பழுதுபார்ப்போர் கூறுவதன் காரணம் இதுவே.

நான்காவது, கண் இமைக்கும் நேரத்தில் வந்துபோகும் துண்டிப்பு. மின்விளக்கு ஒரு முறை சிமிட்டும், மின்விசிறியோ நிற்காது, ஆயின் கணிப்பொறி அணைந்து மீண்டும் தொடங்கும். அப்போது எழுதிக்கொண்டிருந்த பதிவு பாதியில் நின்றுபோகும்.

இந்நான்கினுள் முதலாவதை மட்டும் தடுக்கும் கருவியை வாங்கிவிட்டு, மற்ற மூன்றையும் அது தடுக்கும் என்று நம்பியிருப்பதே பெரும்பாலான சங்கங்களில் காணப்படும் பிழை.

2. தடையிலா மின்வழங்கி என்பது யாது?

கடைகளில் 'யூ.பி.எஸ்.' என்று வழங்கப்பெறும் சாதனமே தடையிலா மின்வழங்கி. இதன் உறுப்புகள் மூன்று.

(அ) சார்ஜர்: கம்பி வழி வரும் மின்சாரம் ஒரு விநாடிக்கு 50 சுற்றுகளாகத் திசை மாறி மாறி ஓடும் மாறுமின்சாரம். அதனைப் பாட்டரி ஏற்கும் நேர்மின்சாரமாக மாற்றி உள்ளே செலுத்துவது சார்ஜரின் வேலை.

(ஆ) பாட்டரி: மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் களஞ்சியம். 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்த ஈய–அமிலப் பாட்டரியின் வழிவந்ததே இன்றும் பெரும்பாலும் பயன்படுகிறது. அண்மையில் லித்தியம் பாட்டரிகளும் வந்துள்ளன. இவை எடை குறைந்தவை, நீண்ட ஆயுள் உடையவை, ஆயின் விலை மிகுந்தவை.

(இ) இன்வர்ட்டர்: பாட்டரியிலுள்ள நேர்மின்சாரத்தை மீண்டும் 230 வோல்ட் மாறுமின்சாரமாக ஆக்கித் தருவது.

நெல்லை விளைந்த காலத்தில் குதிருக்குள் கொட்டி, பஞ்ச காலத்தில் எடுத்து உண்பது போன்றதே இவ்வேலை. குதிர் எத்தனை மூட்டை கொள்ளும், எவ்வளவு விரைவில் நிரம்பும், எவ்வளவு விரைவில் காலியாகும் என்பவற்றைக் கணக்கிட்டு அறிவதே இப்பாடத்தின் சாரம்.

3. மூவகைச் சாதனங்கள்

முதல் வகையில், மின்சாரம் சரியாக உள்ளபோது அது நேரே கணிப்பொறிக்குச் செல்லும். நின்றவுடன் சாதனம் பாட்டரிக்கு மாறும். இம்மாற்றத்திற்கு ஏறக்குறைய 4 முதல் 10 மில்லி விநாடி ஆகிறது. ஒரு விநாடியை ஆயிரம் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு ஒரு மில்லி விநாடி. கணிப்பொறியின் உட்புற மின்பெட்டி, வெளிமின்சாரம் இல்லாமலே சுமார் 15 முதல் 20 மில்லி விநாடி தாக்குப்பிடிக்கும். ஆகவே இம்மாற்றத்தைக் கணிப்பொறி உணர்வதில்லை. ஆயினும் தாழ்ந்த அழுத்தத்தை இவ்வகைச் சாதனம் சீர்செய்யாது. அழுத்தம் தாழும் போதெல்லாம் பாட்டரிக்குத் தாவும். நாள் முழுதும் அவ்வாறு தாவினால் பாட்டரி சீக்கிரம் தேய்ந்துபோகும்.

இரண்டாம் வகை, 'லைன் இன்டராக்டிவ்' எனப்படுவது. இதனுள் மின்னழுத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும் மின்மாற்றி ஒன்று உண்டு. அழுத்தம் தாழ்ந்தால் பாட்டரியைத் தொடாமலே உயர்த்தித் தரும். மிகுந்தால் குறைத்துத் தரும். நம் நாட்டில் விற்கும் இவ்வகைச் சாதனங்கள் சிலவற்றில் 140 வோல்ட் முதல் 300 வோல்ட் வரை ஏற்கும் என்று குறித்திருப்பதைக் காணலாம். அழுத்தம் நிலையாக நில்லாத புறநகர்க் கிராமங்களில், ஒன்றிரண்டு கணிப்பொறிகள் உள்ள சங்கத்திற்கு இவ்வகையே போதுமானது.

மூன்றாம் வகை, 'ஆன்லைன்' எனப்படுவது. இதில் வெளிமின்சாரம் எப்போதும் நேர்மின்சாரமாக மாற்றப்பட்டு, மீண்டும் புதிய மாறுமின்சாரமாக ஆக்கப்பட்டே கருவிக்குச் செல்கிறது. பாட்டரி இடையிலேயே இணைந்திருப்பதால் மின்சாரம் நின்றாலும் மாற்ற நேரம் என்பதே இல்லை. வெளியிலுள்ள குறை எதுவும் உட்புகாது. ஆயின் விலை மிகுதி, எப்போதும் இயங்குவதால் சிறிது மின்சாரத்தைத் தானே உண்ணும், சூடும் மிகும். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக் கிளை, பல கணிப்பொறிகள் ஒரு சர்வருடன் இணைந்த அலுவலகம், நுண்ணிய ஆய்வுக் கருவி உள்ள இடம் ஆகியவற்றிற்கு இதுவே தகும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். "வீட்டில் விளக்கிற்கும் விசிறிக்கும் வைத்துள்ள இன்வர்ட்டரையே சங்கத்திலும் வைத்தால் என்ன?" என்பர் சிலர். வீட்டு இன்வர்ட்டர் நெடுநேரம் மின்சாரம் தருவதற்கென்றே அமைந்தது. அது பாட்டரிக்கு மாற எடுத்துக்கொள்ளும் நேரம் கணிப்பொறி தாங்கும் நேரத்தினும் மிகலாம். சிலவற்றில் 'யூ.பி.எஸ். நிலை' என்று ஒரு விசை இருக்கும். அதனைத் திருப்பினால் மாற்றம் விரைவாகும். மேலும், மலிவான இன்வர்ட்டர்கள் சதுர அலை மின்சாரத்தைத் தருகின்றன. அதில் விசிறி உறுமும், மின்மாற்றி சூடேறும். வாங்குவதாயின் 'சைன் வேவ்' எனப்படும் சீரலை தருவதையே வாங்குதல் நன்று.

4. அளவு காணும் முறை

சாதனத்தின் மேல் '600 வி.ஏ.', '1 கே.வி.ஏ.' என்றவாறு எழுதியிருக்கும். இது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய தொகை. கருவி உண்மையில் உண்பது வாட் கணக்கு. சிறிய சாதனங்களில் வி.ஏ. எண்ணில் 60 விழுக்காடே வாட்டாகக் கிடைக்கும். 600 வி.ஏ. சாதனம் 360 வாட் வரையே சுமக்கும் என்பது பொருள். விற்பவர் வி.ஏ. எண்ணைச் சொல்வார், வாங்குபவர் வாட் எண்ணைக் கேட்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். குத்தம்பாக்கம் போன்றதோர் ஊரில் ஒரு முகப்பு மட்டும் உள்ள சங்க அலுவலகத்தைக் கொள்வோம்.

கணிப்பொறிப் பெட்டி – 120 வாட்
திரை – 25 வாட்
பாஸ்புத்தகம் அச்சிடும் ஊசி அச்சுப்பொறி – 50 வாட்
இணைய இணைப்புக் கருவி – 10 வாட்
ஆகக் கூடுதல் – 205 வாட்

சுமை எப்போதும் சாதனத்தின் எல்லையைத் தொடலாகாது. கால் பங்கு கூட்டிக்கொள்ளல் முறை. 205உடன் கால் பங்கைக் கூட்டினால் சுமார் 256 வாட். 600 வி.ஏ. சாதனம் 360 வாட் தருவதால் இது போதும். இரண்டு முகப்புகள் இருப்பின் இணையக் கருவி ஒன்றே போதும்; ஆக 400 வாட்; கால் பங்கு கூட்ட 500 வாட். அதற்கு 1 கே.வி.ஏ. சாதனம் வேண்டும்.

இனி, எவ்வளவு நேரம் தாங்கும் என்பது. சிறிய சாதனத்தினுள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்–மணி பாட்டரி ஒன்று இருக்கும். பன்னிரண்டை ஏழால் பெருக்க 84 வாட்–மணி. 205 வாட் சுமைக்குக் கணக்கின்படி 24 நிமிடம் வர வேண்டும். ஆனால் பாட்டரியை வேகமாக இறைத்தால் அதன் முழுக் கொள்ளளவு கிடைப்பதில்லை. இன்வர்ட்டரிலும் ஒரு பகுதி சூடாய் வீணாகும். ஆகவே புதிதாய் உள்ளபோதே ஏறக்குறைய 10 நிமிடந்தான் கிடைக்கும். ஆண்டு இரண்டானால் அதுவும் குறையும்.

பத்து நிமிடம் எதற்கு என்று கேட்பீராயின், கையிலுள்ள பதிவை முடிப்பதற்கும், ரசீதை அச்சிடுவதற்கும், கணிப்பொறியை முறைப்படி நிறுத்துவதற்கும் என்க. சிறிய யூ.பி.எஸ். அலுவலகத்தைத் தொடர்ந்து நடத்துவதற்கன்று. ஒழுங்காக நிறுத்துவதற்கே உரியது. இவ்வுண்மையை உணராமல், மின்சாரம் நின்ற பின்னும் புதிய பதிவுகளைத் தொடங்கிக்கொண்டே இருந்து, கடைசியில் நடுவில் அணைய விடுவது பொருந்தாச் செயல்.

இரண்டு மணி நேரம் தொடர்ந்து பணி நடைபெற வேண்டுமாயின் கணக்கு வேறு. 200 வாட் சுமை இரண்டு மணிக்கு 400 வாட்–மணி. இன்வர்ட்டரின் இழப்பு ஐந்தில் ஒரு பங்கு என்று கொள்ள, 500 வாட்–மணி தேவை. ஈய–அமிலப் பாட்டரியைப் பாதிக்கு மேல் இறைக்காதிருந்தால் அதன் ஆயுள் நீளும். எனவே 1,000 வாட்–மணி. இதனை 12ஆல் வகுத்தால் சுமார் 83. ஆக 100 ஆம்பியர்–மணி பாட்டரி வேண்டும். சிறிய சாதனத்தின் சார்ஜர் இவ்வளவு பெரிய பாட்டரியை நிரப்ப வல்லதன்று. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 10 ஆம்பியர் செலுத்தும் சார்ஜர் உடைய சாதனமே இதற்கு ஏற்றது. மலிவு கருதிச் சிறிய சாதனத்தோடு பெரிய பாட்டரியைக் கட்டிவைத்தால், குதிர் பெரிதாயினும் அது என்றும் நிரம்பாது.

மேலும் ஒன்று. ஒரு முறை வெறுமையான சிறிய பாட்டரி நிரம்ப ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகலாம். காலையில் ஒரு தடை, நண்பகலில் ஒரு தடை என்று வந்தால் இரண்டாம் முறை பாதி நேரமே தாங்கும். இதனை நினைவிற்கொண்டே பணியை வகுத்துக்கொள்ள வேண்டும்.

5. வாங்கும்போது பார்க்க வேண்டிய இயல்புகள்

விலைப்புள்ளி கேட்கும்போதே பின்வருவனவற்றை எழுத்தில் குறித்துக் கேட்டல் வேண்டும்: எவ்வகைச் சாதனம்; எத்தனை வாட்; எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை ஏற்கும்; முழுச் சுமையில் எத்தனை நிமிடம்; பாட்டரிக்குத் தனியே எத்தனை மாத உத்தரவாதம்; மிகைச் சுமையிலும் குறுக்குச் சுற்றிலும் தானே நின்று காக்குமா; இடிப் பாய்ச்சலைத் தடுக்கும் உறுப்பு உண்டா; மின்சாரம் இல்லாதபோதும் பாட்டரியைக் கொண்டே தொடங்க முடியுமா; கணிப்பொறியோடு கம்பியால் இணைத்து, பாட்டரி தீருமுன் அதனைத் தானே முறைப்படி நிறுத்தச் செய்ய முடியுமா; பழுதுபார்ப்போர் எத்தனை நாளில் வருவர்.

எச்சரிக்கை ஒலி பெரும்பாலான சாதனங்களில் உண்டு; சுமை காட்டும் விளக்கு சிலவற்றில் உண்டு. மின்சாரம் நின்றதும் விட்டுவிட்டு ஒலிக்கும். பாட்டரி தீரும் தறுவாயில் விரைந்து ஒலிக்கும். ஆய்வுக்குச் சென்ற சங்கமொன்றில் நான் கண்டதை இங்குக் கூறுதல் பொருந்தும். ஒலி தொல்லை தருகிறது என்று சாதனத்தை ஒதுக்கிவிட்டு, கணிப்பொறியை நேரே சுவரில் சொருகியிருந்தனர். சாதனத்தில் தேநீர்க் கெண்டி சொருகப்பட்டிருந்தது. ஒரு நாள் மூதாட்டி ஒருவர் கீரை விற்றுச் சேர்த்த பணத்தைக் கொணர்ந்து, பேத்தியின் திருமணத்திற்காக அடகு நகையை மீட்க வந்திருக்கிறார். பணத்தை எண்ணி வாங்கிப் பதிவு செய்துகொண்டிருக்கையில் மின்சாரம் நின்றது. மீண்டும் வந்தபோது பணம் வரவானதாகவும் இல்லை. கடன் தீர்ந்ததாகவும் இல்லை. பதிவு சீராகாமல் நகையை விடுவிக்க இயலாது என்றனர். மாலை வரை அவ்வம்மையார் திண்ணையில் அமர்ந்திருந்து, வெறுங்கையோடு ஊர் திரும்பினார். மறுநாள் கணக்குச் சீராயிற்று, நகையும் கிடைத்தது. ஆயின் அன்று மாலை அவர் மனத்தில் எழுந்த ஐயத்தைச் சீர்செய்ய எந்தக் கருவி உண்டு? சங்கத்தின் முதலீடு பங்குத்தொகையன்று, உறுப்பினரின் நம்பிக்கையே என்பதை நாம் மறத்தலாகாது.

லேசர் அச்சுப்பொறி, மின்அடுப்பு, தேநீர்க் கெண்டி, இஸ்திரிப்பெட்டி, மேசை விசிறி ஆகியவற்றை யூ.பி.எஸ். சாதனத்தில் இணைக்கலாகாது. லேசர் அச்சுப்பொறி சூடேறும் கணத்தில் பல நூறு வாட் இழுக்கும். சிறிய சாதனம் மிகைச்சுமையால் நின்றுவிடும். கணிப்பொறியும் உடன் அணையும்.

6. பாட்டரியைப் பேணும் முறை

சாதனத்தின் உயிர் பாட்டரி. பாட்டரியின் பகைவன் வெப்பம். பாட்டரியின் ஆயுள் 25 டிகிரி வெப்பநிலையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. அதற்கு மேல் 10 டிகிரி உயர்ந்தால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். ஓட்டின்கீழோ தகரக் கூரையின்கீழோ வைத்த பாட்டரி சித்திரை வைகாசியில் என்ன பாடுபடும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஆகவே காற்றோட்டமான, வெயில் படாத மூலையில் வைக்க வேண்டும். சாதனத்தின் காற்றுத் துளைகளைக் கோப்புகளால் அடைக்கலாகாது.

மூடிய பாட்டரிக்கு நீர் ஊற்ற வேண்டியதில்லை. குழாய்த் தகடு பாட்டரிகளுக்கு இரண்டு மூன்று மாதத்திற்கு ஒரு முறை அமிலத்தின் மட்டத்தைப் பார்த்து, குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். கிணற்று நீரும் குழாய் நீரும் உப்புள்ளவை. அவை தகட்டைக் கெடுக்கும். அமிலம் ஊற்றவே கூடாது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், அது தீப்பற்றுவது. அருகில் விளக்கேற்றுதல், புகைபிடித்தல், ஊதுபத்தி வைத்தல் கூடாது. ஆயுத பூசையன்று பாட்டரிக்குப் பொட்டிட்டு அதன் மீதே சூடம் ஏற்றுவோர் இதனை மனங்கொள்வாராக.

வெறுமையான பாட்டரியை நாட்கணக்கில் அப்படியே விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப்போகும்; பின்னர் எவ்வளவு சார்ஜ் செய்தாலும் மீளாது. நீண்ட விடுமுறையிலும் சாதனத்தைச் சார்ஜ் நிலையில் வைத்துச் செல்லுதலே முறை. மூன்று மாதத்திற்கு ஒரு முறை, அலுவல் முடிந்த பின், சுவர் விசையை நிறுத்தி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதி வருக. தொடக்கத்தில் 10 நிமிடம் தாங்கியது 5 நிமிடமாகக் குறைந்தால் பாட்டரியை மாற்றும் காலம் வந்தது என்று அறிக. மூடிய சிறு பாட்டரிகள் நம் வெப்பத்தில் இரண்டு மூன்று ஆண்டு உழைப்பதே இயல்பு.

பழைய பாட்டரியைக் குப்பையில் எறிதலும், பழைய இரும்புக்காரரிடம் உடைக்கக் கொடுத்தலும் பெருந்தீங்கு. ஈயம் நிலத்தில் கலந்தால் நீரும் பயிரும் நஞ்சாகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பாட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சாரும். புதியது வாங்கும்போது பழையதை விற்பனையாளரிடமே ஒப்படைத்து, அதன் மதிப்பைப் பட்டியலில் கழித்து எழுதச் செய்து, அத்தொகையைச் சங்கக் கணக்கில் காட்ட வேண்டும்.

7. நிலத்தொடர்பும் பாதுகாப்பும்

நல்ல எர்த் இணைப்பு இல்லாத கட்டடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த சாதனத்தை வைத்தும் பயனில்லை. இடிப் பாய்ச்சலைத் தடுக்கும் உறுப்பு அப்பாய்ச்சலை நிலத்திற்கே அனுப்புகிறது. நிலத்திற்கு வழியில்லையெனில் அது கருவிக்குள்ளே பாயும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 அல்லது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சீர்செய்க. எர்த் குழியில் கோடையில் நீர் விடுதல் வேண்டும்.

ஜெனரேட்டர் வைத்துள்ள சங்கங்கள் அதனை மாற்று விசையின் வழியாகவே இணைக்க வேண்டும். அவ்வாறன்றிச் சுவர்ச் சொருகியில் நேரே கொடுத்தால் மின்சாரம் திரும்பி வெளிக்கம்பியில் ஏறும். தெருவில் கம்பம் ஏறிப் பழுதுபார்க்கும் ஊழியரின் உயிர் அதனாற் போகும்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் தரைத்தளத்தில் வைத்திருந்த ஜெனரேட்டர்களும் பாட்டரிகளும் நீரில் மூழ்கிப் பயனற்றுப் போயின. காக்கும் கருவியே முதலில் மூழ்கினால் காப்பவர் யார்? செம்பரம்பாக்கம் ஏரியை அடுத்து வாழும் நமக்கு இப்பாடம் நன்கு பொருந்தும். சாதனத்தைத் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயர மேடையில் வைக்க. புயல் எச்சரிக்கை வந்ததும் கணக்கை முடித்து, நாளின் இறுதிப் பட்டியலை அச்சிட்டுக் கையொப்பமிட்டு, எல்லாச் சொருகிகளையும் கழற்றிவிடுக. பல நாள் தடையில் யூ.பி.எஸ். உதவாது, அச்சிட்ட பட்டியலும் கையெழுத்து ரசீதுப் புத்தகமுமே உதவும்.

8. பால், நெசவு, பயிர்த் தொழில்களில்

பால் சங்கத்தில் தராசுக்கும் பால் ஆய்வுக் கருவிக்கும் யூ.பி.எஸ். பெரிதும் பயன்படும். அதிகாலையில் வரிசையில் நிற்கும் உறுப்பினரின் பாலைக் கருவி அளக்காவிட்டால் விலை மதிப்பில் பூசல் எழும். ஆயின் பாலைக் குளிர்விக்கும் பெருங்கலத்தை இதனோடு இணைக்கலாகாது. மோட்டார் புறப்படும்போது தன் இயல்பான அளவைப் போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதற்கு ஜெனரேட்டரே ஏற்றது. வயல் பம்புக்கும் இதுவே விதி.

பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய ஊர்களின் தறிகளைப் பற்றியும் ஒரு சொல். கைத்தறிக்கு இரு மாதத்திற்கு 300 யூனிட் வரையிலும், விசைத்தறிக்கு 1,000 யூனிட் வரையிலும் கட்டணமில்லா மின்சாரம் என்று 2023ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு உயர்த்தியது. விசைத்தறி மோட்டாரை யூ.பி.எஸ். கொண்டு ஓட்டுதல் கட்டுபடியாகாது. ஆயின் கைத்தறியில் பொருத்தும் மின்னணு ஜக்கார்டுக் கருவிக்கு வேண்டிய மின்சாரம் சிறிதே. நடுவில் மின்சாரம் நின்றால் சில கருவிகள் எந்த இழையில் நின்றோம் என்பதை மறந்துவிடும். மீண்டும் தொடங்குகையில் கரையிலோ முந்தியிலோ பிழை விழும். பட்டுச் சேலையில் ஒரு பிழை நெசவாளியின் பல நாள் கூலியை விழுங்கும். அத்தகைய கருவிக்குச் சிறிய யூ.பி.எஸ். ஒன்று மலிவான காப்பாகும்.

கூரையில் சூரியத் தகடு பொருத்தியுள்ளோர் ஒன்றை அறிதல் வேண்டும். பாட்டரியின்றி மின்கம்பியோடு மட்டும் இணைந்த சூரிய அமைப்பு, மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பியில் பணிபுரியும் ஊழியரின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைத்துள்ளனர். பாட்டரியுடன் கூடிய அமைப்பே தடைக்காலத்தில் உதவும்.

9. நிர்வாகக் குழுவின் கடமை

குத்தம்பாக்கம் என்னும் பெயர் நாடறிந்தது. 1996ஆம் ஆண்டில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற இளங்கோ ரங்கசாமி அவர்கள் வேதிப்பொறியாளர். அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தில் பணிபுரிந்தவர். தம் ஊரார் தமக்கு வேண்டியதைத் தாமே ஆராய்ந்து தாமே செய்துகொள்ள வேண்டும் என்பது அவர் கொண்ட கொள்கை. அவ்வூர்ச் சமத்துவபுரத்தில் ஆதிதிராவிடர் குடும்பமும் பிற சமூகக் குடும்பமும் ஒரே சுவரின் இருபுறமும் வாழும் இரட்டை வீடுகள் எழுந்தன. தொழில்நுட்பம் படித்தவர் கையிலேயே நின்றுவிடாமல் ஊர்ப்பொதுவாக வேண்டும் என்பதே அவ்வூர் நமக்குக் காட்டும் நெறி. சங்கத்தின் யூ.பி.எஸ். பற்றிய அறிவும் செயலாளர் ஒருவரிடமே தங்கிவிடலாகாது.

ஆகவே நிர்வாகக் குழு செய்ய வேண்டியவை இவை: சுமைக் கணக்கைத் தீர்மானப் புத்தகத்தில் பதிந்து, அதன்பின் விலைப்புள்ளிகள் பெறுக. குறைந்த விலையை மட்டும் பாராது, வாட்டையும் நிமிடத்தையும் ஒப்பிடுக. வாங்கிய நாள், பாட்டரி எண், உத்தரவாதம் முடியும் நாள் ஆகியவற்றைத் தளவாடப் பதிவேட்டில் எழுதுக. பராமரிப்புக்குப் பொறுப்பான பணியாளர் ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்க. பாட்டரி மாற்றுச் செலவுக்கு ஆண்டு வரவு–செலவுத் திட்டத்திலேயே இடம் ஒதுக்குக. பழுதான பின் ஒதுக்குவது வெள்ளம் வந்த பின் அணை போடுவதாகும்.

உறுப்பினர்க்கும் ஒரு கடமை உண்டு. பேரவைக் கூட்டத்தில் இலாபப் பங்கு எவ்வளவு என்று கேட்பது போலவே, "நம் கணக்கைக் காக்கும் பாட்டரியைக் கடைசியாக என்று சோதித்தீர்கள்?" என்றும் கேளுங்கள். கேட்கும் உறுப்பினர் உள்ள சங்கத்தில் கருவியும் கெடாது, கணக்கும் கெடாது.

பயிற்சி வினாக்கள்

1. மின்சாரத்தின் நால்வகைக் குறைகள் யாவை? உங்கள் ஊரில் மிகுதியாய் நேர்வது எது?
2. 800 வி.ஏ. சாதனத்தின் வாட் அளவு யாது? (60 விழுக்காடு எனக் கொள்க.) ஒரு முகப்புக்கு அது போதுமா?
3. 150 வாட் சுமை மூன்று மணி நேரம் இயங்க எத்தனை ஆம்பியர்–மணி பாட்டரி வேண்டும்?
4. லேசர் அச்சுப்பொறியையும் பால் குளிர்கலத்தையும் யூ.பி.எஸ். சாதனத்தில் இணைக்கலாகாது என்பதன் காரணம் என்ன?
5. உங்கள் சங்கத்தின் சாதனம் எத்தனை நிமிடம் தாங்குகிறது? நேரிற் சென்று, செயலாளர் உடனிருக்கச் சோதித்து எழுதுக.

(விடைகள்: 2. 480 வாட்; போதும். 3. சுமார் 94, எனவே 100 ஆம்பியர்–மணி. ஐந்தாம் வினாவிற்குரிய விடை உங்கள் சங்கத்திலேயே உள்ளது.)